அல்ட்ரா நெக்ரோஸ்மாவிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறீர்களா? எப்படித் தோற்றீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்

போக்கிமான் அல்ட்ரா சன், அல்ட்ரா மூன் இரண்டும் 2017 நவம்பரில் நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு வந்தன. கதையின் பெரும்பகுதி வரை யாரையும் அதிகம் சிரமப்படுத்தாத ஆட்டம் அது. ஆனால் அல்ட்ரா மெகாலோபோலிஸில், மெகாலோ டவரின் உச்சிக்குப் போனதும் பலர் அப்படியே நின்றுவிடுகிறார்கள். அங்கே காத்திருப்பது அல்ட்ரா நெக்ரோஸ்மா. அதற்குக் கொஞ்சம் முன்னால் வாஸ்ட் போனி கேன்யனில் நீங்கள் சந்தித்த டோட்டம் கொம்மோ-ஓ (அங்கே நடக்கும் சோதனைப் போரில் வரும் பெரிய போக்கிமான்) லெவல் 49. இது லெவல் 60.

தோற்றவர்கள் பெரும்பாலும் உடனே செய்வது திரும்பிப் போய் லெவல் ஏற்றுவதுதான். அதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். ஐம்பதுகளில் இருக்கும் ஒரு போக்கிமானை 5 லெவல் ஏற்றினால் அதன் ஸ்டேட்ஸ் (தாக்கும், தாங்கும், முந்தும் திறன் எண்கள்) ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். தவறான டைப்பை (போக்கிமானின் வகையை) நெக்ரோஸ்மாவின் முன்னால் நிறுத்தினால் நீங்கள் வாங்கும் அடி இரண்டரை மடங்காகும். எந்தக் கணக்கு உங்களைத் தோற்கடிக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது. அதனால் கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு நடந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். அதற்கு முன் இந்தச் சில எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது சைக்கிக், டிராகன் ஆகிய இரண்டு டைப்பும் சேர்ந்தது. பேஸ் (இனத்துக்கே உரிய அடிப்படை எண்) அட்டாக் 167, ஸ்பெஷல் அட்டாக் 167, ஸ்பீட் 129. ஹெச்பி (உயிர்ப் புள்ளி), டிஃபென்ஸ், ஸ்பெஷல் டிஃபென்ஸ் மூன்றும் வெறும் 97. போர் தொடங்கும்போதே அதைச் சுற்றி ஒளி எழும்பி, ஐந்து ஸ்டேட்டும் ஒரு படி ஏறிவிடும், அதாவது ஒன்றரை மடங்கு. அதன் எபிலிட்டி (தானாக வேலை செய்யும் தனித்திறன்) நியூரோஃபோர்ஸ், சூப்பர் எஃபெக்டிவாக (டைப் பலவீனத்தால் இரட்டிப்பாக) விழும் ஒவ்வொரு அடியையும் மேலும் 1.25 மடங்காக்கும். மூவ் (போரில் போடும் வித்தை) நான்குதான், அடைப்புக்குள் டைப்பும் பவரும்: ஃபோட்டான் கீசர் (சைக்கிக், 100), டிராகன் பல்ஸ் (டிராகன், 85), பவர் ஜெம் (ராக், 80), ஸ்மார்ட் ஸ்ட்ரைக் (ஸ்டீல், 70).

இதில் பயப்பட நிறைய இருக்கிறது. தெம்பு தரும் எண் ஒன்றும் இருக்கிறது. லெவல் 60-இல் பேஸ் ஹெச்பி 97 என்றால், ஈவி (பயிற்சியில் சேரும் கூடுதல் திறன் புள்ளி) எதுவும் சேர்க்காமல் கணக்கிட்டால், அதன் மொத்த ஹெச்பி 186-க்கும் 205-க்கும் நடுவில்தான் வரும். அது துணைக்கு யாரையும் அழைக்காது, தனியாகத்தான் நிற்கும். ஹெச்பி ஏற்றிக்கொள்ளும் மூவ் அதனிடம் இல்லை. நான்கு மூவும் அடிப்பதற்கு மட்டுமே. அடியைத் தாங்குவதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டால் போதும், அதை வீழ்த்துவது அத்தனை கடினமில்லை.

"எதை அனுப்பினாலும் முதல் அடியிலேயே விழுந்துவிடுகிறது"

பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் நடக்கிறது. ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: எந்த மூவில் விழுந்தது? அடுத்த முறை மோதும்போது ஜெயிக்க முயல வேண்டாம். ஆறு போக்கிமானையும் வரிசையாக அனுப்பி, ஒவ்வொன்றும் எந்த மூவில் விழுகிறது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எதிரில் நிற்பதை எது அதிகம் காயப்படுத்துமோ அந்த மூவைத்தான் அது பெரும்பாலும் எடுக்கும். அதனால் அந்தப் பட்டியலே உங்கள் டீமின் பலவீனங்களைச் சொல்லிவிடும்.

ஃபேரி டைப் ஸ்மார்ட் ஸ்ட்ரைக்கில் விழுந்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. "டிராகனுக்கு ஃபேரிதான் மருந்து, டிராகன் மூவும் அதன் மேல் படாது" என்று நினைத்துத்தான் எல்லோரும் அனுப்புகிறார்கள். அந்த நினைப்பை முறியடிக்கவே ஸ்மார்ட் ஸ்ட்ரைக் அங்கே இருக்கிறது. ஐஸ் டைப்புக்கு நிலைமை இன்னும் மோசம். ராக், ஸ்டீல் இரண்டும் ஐஸைத் தாக்கும், இரண்டும் அதன் கையில் இருக்கின்றன. பக், ஃப்ளையிங், ஃபயர் மூன்றும் பவர் ஜெம்மில் போகும். டிராகன் டைப்பை அனுப்பினால் டிராகன் பல்ஸ். ஃபைட்டிங், பாய்சன் என்றால் ஃபோட்டான் கீசர். நெக்ரோஸ்மாவை சூப்பர் எஃபெக்டிவாக அடிக்கக்கூடிய டைப்புகள் ஆறு: பக், கோஸ்ட், டார்க், ஐஸ், டிராகன், ஃபேரி. இவற்றில் நான்குக்கு அதனிடம் நேரடியான பதில் இருக்கிறது. மிஞ்சுவது கோஸ்ட்டும் டார்க்கும். இந்த நான்கு மூவையும் தேர்ந்தெடுத்தவர்கள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அடியைத் தாங்க வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டிய டைப் ஸ்டீல். சைக்கிக், டிராகன், ராக், ஸ்டீல் என்ற நான்கையும் ஸ்டீல் பாதியாகக் குறைக்கும். நெக்ரோஸ்மாவின் மொத்த ஆயுதப் பட்டியலே இந்த நான்குதான் என்பதை நினைத்துப் பாருங்கள். லெவல் 55-இல் இருக்கும் ஒரு மாக்னெசோன் ஃபோட்டான் கீசரை வாங்கினால் ஹெச்பியில் மூன்றில் இரண்டு பங்கு போகும், ஆனால் நிற்கும். மெட்டாகிராஸ் ஸ்டீல், சைக்கிக் இரண்டும் என்பதால் ஃபோட்டான் கீசர் அதன் மேல் கால்வாசியாகத்தான் விழும். அதை அதிகம் காயப்படுத்துவது டிராகன் பல்ஸ்தான், அதிலும் பாதியை ஒட்டித்தான் போகும். ஸ்டீலோடு வேறு டைப் சேர்ந்திருந்தால் அந்த இரண்டாவது டைப்பையும் பாருங்கள். ஸ்டீல், ஃபேரி சேர்ந்தது என்றால் டிராகன் பல்ஸ் படவே படாது, ஸ்மார்ட் ஸ்ட்ரைக் சாதாரண அளவில் விழும். அதுவும் நல்ல தேர்வுதான்.

டார்க் டைப்பின் மேல் ஃபோட்டான் கீசர் படாது. ஆனால் மற்ற மூன்றும் சாதாரணமாகவே படும், ஆகவே டிராகன் பல்ஸை எதிர்பாருங்கள். தடித்த உடம்பு இருந்தால் தாங்கலாம். லெவல் 55 அலோலன் மக், டிராகன் பல்ஸை வாங்கிக்கொண்டு கொஞ்சம் ஹெச்பியோடு நிற்கும். மெலிந்த டார்க் போக்கிமான்கள் நிற்காது.

"என் ஸ்டார்ட்டர்தான் எல்லாவற்றையும் இதுவரை ஜெயித்தது, இங்கே மட்டும் உதவவில்லை"

ஸ்டார்ட்டர் என்பது ஆட்டத்தின் தொடக்கத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த போக்கிமான். அது வளர்ந்து இன்சினெரோர் ஆகியிருப்பவர்கள் டார்க் டைப் என்ற நம்பிக்கையில் அனுப்புகிறார்கள். அது ஃபயரும் கூட, பவர் ஜெம் இரண்டரை மடங்காக விழும். அதைப் பின்னால் வைத்துவிடுங்கள். டெசிடுவையின் கோஸ்ட் மூவ்கள் நெக்ரோஸ்மாவை நன்றாக அடிக்கும், ஆனால் ஐம்பதுகளின் நடுவில் அது ஃபோட்டான் கீசரைத் தாங்காது. ஆகவே அதைத் தொடக்கத்தில் அனுப்பக் கூடாது, முடித்துவைக்க வைத்துக்கொள்ளலாம். மூன்றில் பிரைமரினாதான் தேவலாம். ஃபேரி என்றாலும் வாட்டரும் சேர்ந்திருப்பதால் ஸ்மார்ட் ஸ்ட்ரைக் சாதாரண அளவில்தான் படும், டிராகன் பல்ஸ் படாது. லெவல் 55-இல் ஃபோட்டான் கீசரைத் தாங்குமா என்பது கத்திமுனை, ஹெச்பியும் ஸ்பெஷல் டிஃபென்ஸும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இரண்டு மூன்று லெவல் ஏற்றுவதில் நிஜமான பலன் இருக்கும் இடம் என்று இந்த ஒன்றைத்தான் சொல்வேன். மூன்பிளாஸ்ட் இரண்டு முறை விழுந்தால் நெக்ரோஸ்மா ஏறக்குறைய முடிந்த மாதிரி.

"எப்போதும் அதுதான் முந்துகிறது"

முந்தத்தான் செய்யும். அந்த ஒளியின் பலத்தோடு அதன் ஸ்பீட் சாதாரணக் கணக்கில் 238 முதல் 267 வரை. பேஸ் ஸ்பீட் 130 உள்ள குரோபேட்டை லெவல் 60-க்குக் கொண்டுபோய், ஸ்பீட் ஈவியை முழுதாக ஏற்றி, ஸ்பீட் கூட்டும் நேச்சரும் (குணமும்) கொடுத்தால்கூட 238-ஐத்தான் தொடும். லெவல் ஏற்றி இந்த ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள்.

மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று தண்டர் வேவ், எதிராளிக்குப் பாரலிசிஸ் (உடல் மரத்துப்போதல்) கொடுக்கும் மூவ். இந்தத் தலைமுறை ஆட்டங்களில் பாரலிசிஸ் ஸ்பீடைப் பாதியாக்கும், நான்கில் ஒரு முறை அசையவும் விடாது. ஸ்பீட் 130-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் உங்கள் டீமில் வேகமானவை முந்திவிடும். தண்டர் வேவ் நூற்றுக்குத் தொண்ணூறுதான் பிடிக்கும் என்பதையும், அதைப் போடுவதற்கு முன் ஓர் அடி வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். மாக்னெசோன் மாதிரி ஒன்றுக்கு இந்த வேலை பொருந்தும். பிராங்க்ஸ்டர் எபிலிட்டி (அடிக்காத மூவ்களை முந்திப் போட வைப்பது) உள்ள போக்கிமான் இருந்தால் அடி வாங்காமலே முதலில் போடலாம்.

இரண்டாவது, எக்ஸ் ஸ்பீட். இந்த ஆட்டங்களில் எக்ஸ் ஐட்டம் ஒன்று இரண்டு படி ஏற்றும், ஸ்பீட் இரட்டிப்பாகும். பேஸ் ஸ்பீட் 105-க்கு மேல் உள்ளவை லெவல் 55-இல் இதோடு பெரும்பாலும் முந்திவிடும். 80-இல் இருப்பவை அப்போதும் முந்தாது, வீணாக ஒரு டர்ன் போகும்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, சக்கர் பஞ்ச். எதிராளி அடிக்கும் மூவைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டுமே அது பலிக்கும் என்பதால் வழக்கமான போர்களில் அதை நம்ப முடியாது. இங்கே நெக்ரோஸ்மாவிடம் அடிக்காத மூவ் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு டர்னும் சக்கர் பஞ்ச் முதலில் விழும், டார்க் என்பதால் சூப்பர் எஃபெக்டிவாகவும் விழும். பவர் 70-தான் என்பதால் ஒரே அடியில் கதை முடியாது. கொஞ்சம் ஹெச்பி மிச்சம் இருக்கும்போது முடித்துவைப்பதற்கு இதைவிட நம்பகமான கருவி இல்லை. ஷேடோ ஸ்னீக், ஐஸ் ஷார்ட் இரண்டும் முந்திப் போகும், ஆனால் பவர் 40 மட்டுமே.

"ஸ்டர்டி இருந்தும் ஒரே அடியில் விழுந்தது" / "மிமிக்யூவின் டிஸ்கைஸ் காப்பாற்றவில்லை"

ஃபோட்டான் கீசர் எதிராளியின் எபிலிட்டியை மதிக்காத மூவ். முழு ஹெச்பியிலிருந்து ஒரே அடியில் விழாமல் காக்கும் ஸ்டர்டி, முதல் அடியை வாங்கிக்கொள்ளும் டிஸ்கைஸ் எல்லாம் அதன் முன்னால் இல்லாத மாதிரிதான். மற்ற மூன்று மூவுக்கு அவை வழக்கம்போல வேலை செய்யும். ஆகவே "ஒரு முறை காப்பாற்றியது, ஒரு முறை காப்பாற்றவில்லை" என்று நீங்கள் குழம்பியிருந்தால் காரணம் இதுதான், ஆட்டத்தில் கோளாறு இல்லை.

எபிலிட்டிக்குப் பதிலாக ஐட்டத்தை நம்பலாம். ஃபோக்கஸ் சாஷ் இருந்தால், ஹெச்பி முழுதாக இருக்கும்வரை ஃபோட்டான் கீசரையும் 1 ஹெச்பியோடு தாண்டும். போக்கிமான் ரீஃப்ரெஷில் நன்றாகக் கொஞ்சி வளர்த்த போக்கிமான் சில சமயம் தானாகவே 1 ஹெச்பியில் நிற்கும். அது அதிர்ஷ்டம், திட்டத்தில் சேர்க்க முடியாது.

"லைட் ஸ்கிரீன் போட்டும் ஃபோட்டான் கீசரின் அடி குறையவில்லை"

அட்டாக், ஸ்பெஷல் அட்டாக் இரண்டில் அந்த நேரத்தில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும் மூவ் ஃபோட்டான் கீசர். லைட் ஸ்கிரீன் குறைப்பதோ ஸ்பெஷல் அடிகளை மட்டும். அட்டாக் ஒரு புள்ளி அதிகமாக இருந்தாலும் ஃபிசிக்கல் அடியாக மாறி லைட் ஸ்கிரீனைத் தாண்டிவிடும். ஸ்நார்ல் மாதிரி எதையாவது போட்டு ஸ்பெஷல் அட்டாக்கைக் குறைத்தாலும் இதே கதைதான், உடனே அட்டாக்குக்குத் தாவிவிடும். டிராகன் பல்ஸ், பவர் ஜெம் இரண்டும் எப்போதும் ஸ்பெஷல்தான், அவற்றுக்கு லைட் ஸ்கிரீன் உதவும். பர்ன் (தீக்காயம்) கொடுப்பதில் பெரிய லாபம் இல்லை. பாதியாகக் குறைவது ஃபிசிக்கல் அடி மட்டுமே, டர்னுக்கு டர்ன் போகும் ஹெச்பியும் பதினாறில் ஒரு பங்குதான்.

"டாக்ஸிக் போட்டேன், ஆனால் அது விழுவதற்குள் என் டீம் முடிந்துவிடுகிறது"

வழி சரிதான், வரிசைதான் தவறு. கடும் விஷம் ஏற்றும் மூவான டாக்ஸிக்கின் கணக்கு இது: முதல் டர்ன் முடிவில் ஹெச்பியில் பதினாறில் ஒரு பங்கு, அடுத்த டர்னில் இரண்டு பங்கு, பிறகு மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து டர்னில் பதினாறில் பதினைந்து பங்கு போய்விடும். ஆறாவது டர்ன் முடிவில் கட்டாயம் விழும். இடையில் ஏதாவது ஒரு சிறிய அடி பட்டிருந்தால் ஐந்தாவதிலேயே விழும். நீங்கள் போக்கிமானை மாற்றினாலும், விழுந்து அடுத்ததை அனுப்பினாலும் அந்த ஏற்றம் நிற்காது. அது தன் இடத்தை விட்டு மாறினால்தான் நிற்கும், நெக்ரோஸ்மாவுக்கு மாற ஆளே இல்லை.

ஆக, நீங்கள் கடக்க வேண்டியது ஆறு டர்ன் மட்டும். நல்ல ஹெச்பியோடு ஆறு போக்கிமான் இருந்தால், டாக்ஸிக் விழுந்த பிறகு டர்னுக்கு ஒன்று விழுந்தாலும்கூட ஏறக்குறைய சமமாக வரும். அப்படி எல்லாரையும் பலி கொடுக்கத் தேவையில்லை. மெட்டாகிராஸுக்கு டாக்ஸிக் (டிஎம் 06), ப்ரொடெக்ட் (டிஎம் 17, அந்த டர்னில் வரும் அடியைத் தடுப்பது) இரண்டையும் கற்றுக்கொடுங்கள். டிஎம் என்பது மூவ் கற்றுத்தரும் ஐட்டம். முதல் டர்னில் அடி வாங்கிக்கொண்டு டாக்ஸிக். இரண்டாவது டர்னில் ப்ரொடெக்ட். மூன்றாவதில் போஷன் கொடுத்து ஹெச்பியை ஏற்றுங்கள், அந்த டர்னில் அடி விழும். நான்காவதில் மறுபடி ப்ரொடெக்ட். ஐந்தாவதில் மறுபடி போஷன். ஆறாவதில் ப்ரொடெக்ட் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

இதில் ஒன்றைத் தவறாமல் கவனியுங்கள். ப்ரொடெக்டை அடுத்தடுத்த டர்னில் போட்டால் இரண்டாவது முறை பலிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாகிவிடும். நடுவில் ஒரு டர்ன் விட்டால் மறுபடி முழு வாய்ப்பு வந்துவிடும். பலர் பதற்றத்தில் தொடர்ந்து இரண்டு முறை அழுத்தித்தான் மெட்டாகிராஸை இழக்கிறார்கள்.

போஷன் கொடுப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஐட்டம் உங்கள் டர்னை எடுத்துக்கொள்ளும், ஆனால் நெக்ரோஸ்மா அடிப்பதற்கு முன்பே வேலை செய்துவிடும். அதனால் ஹெச்பி முழுதாக ஏறிய பிறகுதான் அடி விழும். ஒரு அடிக்குப் போகும் அளவைவிட அதிகமாக ஏற்றும் போஷனைக் கொடுத்தால்தான் பயன். இங்கே ஹைப்பர் போஷனுக்குக் குறைவானதைத் தொடாதீர்கள். ரிவைவை முன்னால் நிற்பது இன்னும் ஓர் அடி தாங்கும் என்று தெரிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் ஒன்றை எழுப்பி இன்னொன்றை இழப்பீர்கள்.

டாக்ஸிக்கே தவறிப்போகிறது என்றால்: அது தொண்ணூறு சதவீதம்தான் பிடிக்கும். பாய்சன் டைப் போக்கிமான் போட்டால் மட்டும் தவறவே தவறாது. அலோலன் மக்கை நான் மேலே சொன்னதற்கு இதுவும் காரணம். ஃபோட்டான் கீசர் படாது, டிராகன் பல்ஸை ஒரு முறை தாங்கும், போடும் டாக்ஸிக் தப்பாது.

"பலிக்கவில்லை" என்று செய்தி வந்தால், ஏற்கனவே பாரலிசிஸ் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். இரண்டும் ஒன்றாக ஒட்டாது. தண்டர் வேவ் வழியா, டாக்ஸிக் வழியா என்பதைப் போருக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். தாங்கும் போக்கிமான்கள் அதிகம் என்றால் டாக்ஸிக். அடிக்கும் போக்கிமான்கள் அதிகம் என்றால் தண்டர் வேவ்.

"ஸோரோவார்க் வைத்தால் சுலபம் என்றார்கள், எனக்குப் பலிக்கவில்லை"

இந்தப் போரில் உள்ள மிக அழகான வழி இது, பலிக்காவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் எளிது.

ஸோரோவார்க்கின் எபிலிட்டி இல்லூஷன். டீமில் கடைசியாக இருக்கும் போக்கிமானின் உருவத்தில் அது களத்துக்கு வரும். நெக்ரோஸ்மா அந்த உருவத்தைப் பார்த்துத்தான் மூவைத் தேர்ந்தெடுக்கிறது. கடைசி இடத்தில் ஃபைட்டிங் அல்லது பாய்சன் டைப் போக்கிமான் இருந்தால், அதற்குச் சிறந்த அடி ஃபோட்டான் கீசர் என்று முடிவு செய்து அதையே போடும். உள்ளே இருப்பதோ டார்க் டைப். ஒரு புள்ளி ஹெச்பிகூடப் போகாது. அடி படாததால் உருவமும் கலையாது. அடுத்த டர்னிலும் பெரும்பாலும் அதையேதான் போடும்.

பலிக்காததற்கான காரணங்கள் இவை. ஸோரோவார்க்கையே கடைசி இடத்தில் வைத்திருந்தால் அது மாற உருவம் இல்லை. முதல் இடத்தில் ஸோரோவார்க், கடைசி இடத்தில் மாற்று உருவம் என்று வையுங்கள். கடைசி இடத்தில் இருப்பது மயங்கி விழுந்திருந்தால் அதற்கு முன் இருப்பதன் உருவம் வந்துவிடும், ஆகவே ஸோரோவார்க்கைத் தொடக்கத்திலேயே அனுப்புவது நல்லது.

டிராகன் பல்ஸோ பவர் ஜெம்மோ விழுந்தது என்றால், மாற்று உருவத்தின் இரண்டாவது டைப்பைப் பாருங்கள். அலோலன் மக் பாய்சன்தான், கூடவே டார்க், ஃபோட்டான் கீசரை அது யோசிக்கவே யோசிக்காது. சலாசில் நன்றாகப் பொருந்தும். ஃபயர் என்பதால் பவர் ஜெம்மும் அதை இரண்டு மடங்காக அடிக்கும், ஆனாலும் அதே டைப்பின் மூவ் என்ற கூடுதல் பலம் ஃபோட்டான் கீசருக்கு இருப்பதால் அதுதான் பெரிய எண்ணாக வரும். டாக்ஸிக்ரோக் போன்று பாய்சன், ஃபைட்டிங் இரண்டும் சேர்ந்திருந்தால் இன்னும் உறுதி.

அடிக்கிறேன், ஆனால் தாமதமாகிறது என்றால், எந்த மூவ் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஸோரோவார்க்குக்கு இங்கே வேண்டியது ஃபௌல் ப்ளே. அது உங்கள் அட்டாக்கை எடுத்துக்கொள்ளாது, எதிராளியின் அட்டாக்கை எடுத்துக்கொண்டு அதையே அடிக்கும், எதிராளியின் ஸ்டேட் ஏற்றத்தையும் சேர்த்து. பேஸ் 167, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு, அந்த முழு பலமும் நெக்ரோஸ்மாவின் மேலேயே விழுகிறது. நான் போட்டுப் பார்த்த கணக்கில், லெவல் 55 ஸோரோவார்க்கின் ஃபௌல் ப்ளே 190 முதல் 225 வரை காயப்படுத்தும். எதிராளியின் ஹெச்பி 186 முதல் 205. பெரும்பாலும் ஒரே அடி, மிஞ்சினால் இன்னொன்று.

டார்கினியம் இசட் (டார்க் மூவை ஒரு போரில் ஒரு முறை பெரிய இசட்-மூவாக்கும் கல்) கையில் இருக்கிறதே என்று அதை ஃபௌல் ப்ளேயின் மேல் பயன்படுத்திவிடாதீர்கள். இசட்-மூவாக மாறியதும் எதிராளியின் அட்டாக்கை எடுக்கும் அந்தத் தன்மை போய்விடும், ஸோரோவார்க்கின் சொந்த அட்டாக்கில்தான் விழும். இங்கே சாதாரண மூவே பெரியது.

ஸோரோவார்க் இல்லையா? ஸோருவா லெவல் 30-இல் பரிணமிக்கும், எக்ஸ்பி ஷேர் (அனுபவப் புள்ளியை டீம் முழுதுக்கும் பகிர்வது) போட்டுக்கொண்டு போனால் வளர்ப்பது பெரிய வேலை இல்லை. இந்த வழியில் ஸோரோவார்க் அடியே வாங்குவதில்லை என்பதால் லெவல் கொஞ்சம் குறைந்தாலும் கவலை இல்லை, ஃபௌல் ப்ளேயை இன்னொரு முறை போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

"நன்றாகத்தான் அடிக்கிறேன், ஹெச்பி இறங்கவே மாட்டேன் என்கிறது"

அந்த ஒளி டிஃபென்ஸையும் ஸ்பெஷல் டிஃபென்ஸையும் சேர்த்து ஏற்றியிருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபயர், வாட்டர், எலெக்ட்ரிக், கிராஸ், ஃபைட்டிங், சைக்கிக் ஆறும் அதன் மேல் பாதியாகத்தான் விழும், அவற்றை ஒதுக்குங்கள்.

ஏறிய படிகளை இறக்கவும் முடியும். அவை சாதாரண ஸ்டேட் ஏற்றங்கள்தான். ஹேஸ் போட்டால் ஐந்தும் பழைய நிலைக்கு வந்துவிடும். மலாமார் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நல்லது கிடைக்கும். டாப்ஸி-டர்வி அந்த ஏற்றங்களை அப்படியே தலைகீழாக்கும், ஒரு படி ஏறியவை ஒரு படி இறங்கியவை ஆகும். மலாமாருக்கு டார்க் டைப் இருப்பதால் ஃபோட்டான் கீசர் படாது. அது டிராகன் பல்ஸை ஒரு முறை தாண்டிவிட்டால் மிச்சப் போர் வேறு போராகிவிடும். ஃபௌல் ப்ளே வழியோடு மட்டும் இதைச் சேர்க்காதீர்கள், அதற்கு நெக்ரோஸ்மாவின் அட்டாக் உயர்ந்திருப்பதுதான் வேண்டும்.

இசட்-மூவ் ஒரு போரில் ஒரு முறைதான். இந்த இடத்துக்கு வரும்போது கோஸ்டியம், டார்கினியம், டிராகோனியம் மூன்றும் உங்கள் பையில் இருக்கும், மூன்றுமே சூப்பர் எஃபெக்டிவ். பவர் 80 உள்ள மூவ் இசட்-மூவாகும்போது 160 ஆகும். அதைப் போடும் போக்கிமான் ஓர் அடி தாங்கியாக வேண்டும், அல்லது பாரலிசிஸ் விழுந்த பிறகு வர வேண்டும். ரோட்டோ லோட்டோவில் ரோட்டோ பூஸ்ட் (ஸ்டேட்ஸை எல்லாம் ஏற்றுவது) கிடைத்திருந்தால் அதைச் செலவழிக்க இதைவிடப் பொருத்தமான போர் இந்த ஆட்டத்தில் இல்லை.

"டபுள் டீம் போட்டு ஏமாற்றப் பார்த்தேன், அப்போதும் அடிக்கிறது"

ஸ்மார்ட் ஸ்ட்ரைக் தவறவே தவறாத மூவ். விலகும் உத்திகளை விட்டுவிடுங்கள்.

"பந்து வீச முடியவில்லை"

இந்தப் போரில் அதைப் பிடிக்க முடியாது. கதை முடிந்த பிறகு நெக்ரோஸ்மாவைப் பிடிக்கும் வாய்ப்பு வரும், மாஸ்டர் பாலை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

"தயாராகாமலே போய்விட்டேன்"

இந்த ஆட்டத்தில் சேவ் ஒன்றுதான். ஆகவே போனி தீவில் பலிபீடத்தின் படிகளில் ஏறுவதற்கு முன்பே டீமை அமைத்து, டிஎம்களைக் கற்றுக்கொடுத்து, ஹைப்பர் போஷனையும் ரிவைவையும் வாங்கி வைத்துக்கொண்டு சேவ் செய்யுங்கள். கடைசி இடத்தில் எது இருக்கிறது, முதல் இடத்தில் எது இருக்கிறது என்பதை அங்கேயே ஒரு முறை பார்த்துவிடுங்கள். பலிபீடத்திலும் நெக்ரோஸ்மாவோடு ஒரு போர் இருக்கிறது. அது முடிந்ததும், கோபுரத்தில் ஏறுவதற்கு முன், எல்லோருடைய ஹெச்பியும் முழுதாக இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். ஃபோக்கஸ் சாஷ் வைத்திருப்பதன் ஹெச்பியில் ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் அது உதவாது.